மல்பெரித் தண்டை மக்க வைத்தது: லிக்னின், பாக்டீரியா, கொஞ்சம் காற்று

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ஒவ்வொரு வளர்ப்பு முடியும்போதும் தண்டு மலையாகச் சேர்ந்துவிடும். நாலாம், ஐந்தாம் பருவத்துப் புழுவுக்கு மல்பெரியைத் தண்டோடு அறுத்துத்தான் படுக்கையில் போடுகிறோம். புழு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். கூடு அறுத்து முடித்துப் படுக்கையைக் கலைத்தால், விரல் பருமன் தண்டு, நடுவே காய்ந்த இலை நரம்பு, அடியில் கருகருவென்று புழு எச்சம். எச்சத்தை எல்லோரும் விரும்பி வாங்கிக்கொள்வார்கள். தண்டு மட்டும் அடுப்புக்குப் போகும், மிஞ்சினால் வரப்போரம் கொளுத்திவிடுவார்கள். எங்கள் பாலக்கோடு பக்கத்தில் நான் பார்த்தவரை இதுதான் வழக்கம்.

இதை எருவாக்கியே தீர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மண் செம்மண், மழை குறைவு, எரு எவ்வளவு போட்டாலும் ஒரு கோடையில் காணாமல் போகிற தோட்டம். அந்தத் தோட்டத்தில் விளைந்ததைத் தீ வைத்து அழிப்பது மனசுக்கு ஒப்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "தம்பி, இலை மக்கும், எச்சம் மக்கும், தண்டு எங்கே மக்கும்? ரெண்டு வருஷம் கழிச்சும் குச்சி குச்சியாத்தான் நிக்கும்" என்றார். அவர் சொன்னது அனுபவம். தண்டு ஏன் மக்குவதில்லை என்பதிலிருந்துதான் நானும் ஆரம்பித்தேன்.

தண்டுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பது லிக்னின். மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. செல்லுலோஸ் என்பது ஒரே சர்க்கரை வரிசையாகக் கோத்த இழை. பட்டுக்கூட்டில் நுனி கிடைத்துவிட்டால் நூல் இழுக்க இழுக்க வருகிற மாதிரி, செல்லுலோஸை நுண்ணுயிர்கள் ஒரு முனையைப் பிடித்து உரித்துக்கொண்டே போகும். லிக்னினில் அப்படிப் பிடிக்க ஒரு நுனி இல்லை. பென்சீன் வளையம் கொண்ட மூன்று வகை அலகுகள் ஒழுங்கே இல்லாமல், பலவிதப் பிணைப்புகளால் எல்லாப் பக்கமும் இணைந்த பெரிய வலை அது. அந்தப் பிணைப்புகளில் பாதிக்குப் பக்கம் பீட்டா-ஓ-4 என்கிற ஈதர் பிணைப்பு. மீதியில் கார்பனும் கார்பனும் நேராகச் சேர்ந்தவையும் உண்டு, அவற்றை உடைப்பது இன்னும் கடினம். செல்லுலோஸைச் சுற்றி இந்த வலை இருக்கிறவரை உள்ளே இருக்கிற சர்க்கரையும் யாருக்கும் கிடைக்காது. பெரியப்பா சொன்ன "குச்சி குச்சியாக நிற்பது" இதனால்தான்.

லிக்னின் என்றதும் எல்லோரும் காளானைத்தான் சொல்வார்கள். அது சரிதான். மரத்தை வெள்ளையாக்கி உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைகள்தான் இதில் பலசாலிகள். ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையிலிருந்து லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியை 1983இல் கண்டுபிடித்த பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவை மக்கவைக்கச் சொல்லும் முறையும் சிப்பிக்காளானை வைத்துத்தான். டன்னுக்கு 5 கிலோ யூரியா, நடுநடுவே காளான் வித்து, நிழல், ஈரம். அந்த முறை நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் என்னிடம் இருப்பது நார்க்கழிவு இல்லையே, தண்டும் புழு எச்சமும்தான். புழு எச்சத்தில் தழைச்சத்து அதிகம். அதைத் தண்டோடு சேர்த்து அம்பாரம் போட்டால் ஓரிரு நாளில் சூடு ஏறிவிடும். 60 டிகிரியைத் தாண்டினால் காளான் நிற்காது. அந்தச் சூட்டில் வாழ்வது பாக்டீரியா. அதிலும் ஆக்டினோபாக்டீரியா என்கிற கூட்டம். பார்வைக்குப் பூஞ்சை இழை மாதிரி இருக்கும், ஆனால் அவை பாக்டீரியாதான். சூடான எருக்குழியைக் கிளறும்போது உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு தெரியுமே, அது பெரும்பாலும் இவைதான். மழை பெய்ததும் வருகிற மண் வாசனையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது.

இவை லிக்னினை நிஜமாகவே உடைக்கின்றனவா? உடைக்கின்றன. பூஞ்சை அளவுக்கு வேகம் இல்லை, வேறு வழி. 1983இல் அமெரிக்காவின் இடாஹோ பல்கலைக்கழகத்தில் டான் கிராஃபர்ட் குழுவினர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் விரிடோஸ்போரஸ் என்ற பாக்டீரியாவை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். அது லிக்னினை முழுக்கத் தின்றுவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனேற்றி, தண்ணீரில் கரையும் பெரிய துண்டுகளாக வெளியே விடுகிறது. அமிலம் விட்டால் அந்தத் துண்டுகள் பழுப்பாகத் திரிந்து அடியில் படியும். அதன் பிறகு 2011இல் ரோடோகாக்கஸ் ஜோஸ்டி என்ற மண் பாக்டீரியாவில் டிஒய்பி (சாயத்தின் நிறத்தைப் போக்கும்) வகைப் பெராக்சிடேஸ் நொதி ஒன்று லிக்னின் மீது வேலை செய்வதைக் கண்டார்கள். ஜப்பானில் காகித ஆலைக் கழிவுநீரில் கிடைத்த ஸ்ஃபிங்கோபியம் எஸ்ஒய்கே-6 என்பது, நான் மேலே சொன்ன பீட்டா-ஓ-4 பிணைப்பையே குறிபார்த்து அறுக்கும் நொதிகளை வைத்திருக்கிறது. வைக்கோலில் சாதாரணமாக இருக்கிற பேசில்லஸ் சப்டிலிஸ் தன் விதைத்துகளின் (ஸ்போர்) மேலுறையில் ஒரு லாக்கேஸ் நொதியைப் பூசிக்கொண்டிருக்கிறது. அது 70 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெரிய லிக்னினை அவ்வளவாகத் தொடாது, மற்றவை உடைத்துப் போடும் சில்லறைத் துண்டுகளைத் தின்று தீர்க்கும். ஆக ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிற வேலை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஒன்று. இந்த நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். லாக்கேஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தண்ணீராக்கித்தான் வேலை செய்கிறது. பெராக்சிடேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும், அதுவும் ஆக்சிஜனிலிருந்து வருவதுதான். கடைசியில் பென்சீன் வளையத்தை உடைக்கிற நொதிகள், ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் வளையத்துக்குள் செருகித்தான் உடைக்கின்றன. காற்று இல்லாத இடத்தில் லிக்னின் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கழிவில் நார் நாராக நிற்பது அதனால்தான். அதனால் பாட்டில் நுண்ணுயிர் எதுவும் வாங்காமல், காற்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்து இரண்டு அம்பாரம் போட்டேன்.

தண்டைச் சோளத்தட்டு வெட்டுகிற மிஷினில் விட்டு ஒன்று, ஒன்றரை அங்குலமாக நறுக்கினேன். இதைத் தவிர்க்கவே முடியாது. முழுத் தண்டின் பட்டை உள்ளே ஈரத்தையும் விடாது, பாக்டீரியாவையும் விடாது. பச்சையாக இருக்கும்போதே நறுக்கிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் பிளேடு தேய்ந்துபோகும். இரண்டு அம்பாரத்துக்கும் ஒரே கலவைதான்: தண்டு மூன்று கூடைக்குப் புழு எச்சம் ஒரு கூடை, மேலே சாணிக் கரைசல், தோப்பில் விழுந்து உளுத்துப்போன பழைய மாமர அடிக்கட்டைக்குக் கீழே இருந்த மண் இரண்டு கூடை. அந்த மண்ணில் லிக்னினைத் தின்கிற கூட்டம் ஏற்கனவே குடியிருக்கும். கரையான் புற்று மண்ணும் நல்லது என்பார்கள், எங்கள் வரப்பிலேயே பெரிய புற்று ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா பால் ஊற்றும் இடம், அதில் கை வைக்கவில்லை.

படுக்கையில் தூவிய சுண்ணாம்புத் தூள் எச்சத்தோடு கலந்து வரும். கொஞ்சம் இருந்தால் கெடுதல் இல்லை, ஆக்டினோபாக்டீரியாவுக்குக் காரத்தன்மை பிடிக்கும். நிறைய இருந்தால் தழைச்சத்தெல்லாம் அம்மோனியாவாகப் பறந்துவிடும், கண் எரியும். அப்படிப்பட்ட எச்சத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பால்நோய் (புழுவுக்கு வரும் வைரஸ் நோய்) வந்த வளர்ப்பின் கழிவை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. நல்ல வளர்ப்பின் கழிவானாலும் அம்பாரம் புழு மனைக்குத் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

முதல் அம்பாரத்துக்கு அடியில் நறுக்காத தண்டை ஓரடி உயரம் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் அஞ்சடி அகலம், நாலடி உயரத்துக்குக் கலவையைத் தளர்வாகக் கொட்டினேன். வாரம் ஒருமுறை புரட்டல். இரண்டாவதை நேரே தரையில் போட்டு, மிதித்து இறுக்கி, மேலே சேறு பூசி விட்டுவிட்டேன். நம் ஊரில் வழக்கமாக எருக்குழி மூடுகிற மாதிரி. ஈரம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், வழியக் கூடாது.

சூட்டைப் பார்க்கக் கடப்பாரையைச் செருகி வைத்திருந்தேன். முதல் வாரமே தளர்ந்த அம்பாரத்தில் கடப்பாரையை உருவினால் வெறும் கையில் பிடிக்க முடியவில்லை. பால் காய்ச்சும் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 62, 63 என்று காட்டியது. இறுக்கிய அம்பாரமும் சூடானது, ஆனால் 50ஐத் தொட்டதும் இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் புரட்டலில் தளர்ந்த அம்பாரத்துக்குள் ஒரு சாண் ஆழத்தில் அந்தச் சாம்பல் பூச்சு அழகாகப் பிடித்திருந்தது. தண்டுத் துண்டின் வெட்டுவாயில் வட்டமாக, பொடி பொடியாக. அந்த வெள்ளையைக் கிளறும்போது மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டாயம் மூடிக்கொள்ளுங்கள். சூட்டில் வளரும் ஆக்டினோபாக்டீரியாவின் துகள்களைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை நோய் வரும். மக்கிய வைக்கோலோடு வேலை செய்கிறவர்களுக்கு வருகிற நோய் என்று மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. காற்றுக்கு எதிரே நின்று புரட்டக் கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

வெள்ளைப் பூச்சு தெரிந்தால் மட்டும் போதுமா, அது லிக்னினைத் தொடுகிற நொதியை விடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஆய்வுக்கூடங்களில் இதற்குச் சாயத்தை வைத்துப் பார்ப்பார்கள். மெத்திலீன் நீலம் போன்ற சாயங்களும் வளையங்கள் கொண்ட மூலக்கூறுகள். லிக்னினை ஆக்சிஜனேற்றும் நொதிகள் அவற்றையும் சிதைத்து நிறத்தை எடுத்துவிடும். வண்ண மீன் விற்கிற கடையில் மெத்திலீன் நீலம் சின்னக் குப்பியில் கிடைக்கிறது. வாங்கி வந்தேன். இந்தச் சோதனையில் ஏமாறுவதற்கு நிறைய வழி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளை படிந்த தண்டுத் துண்டுகளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். அந்த வடிநீரில் வெளிர் நீலம் வருகிற அளவுக்கு மட்டும் சாயம். ஒரு பங்கை அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஓரங்குல ஆழத்துக்கு ஊற்றி, தூசி விழாமல் துணி கட்டினேன். இரண்டாவது பங்கைச் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்றே இல்லாமல் இறுக மூடினேன். மூன்றாவது பங்கு, சாயம் விடுவதற்கு முன்பே பிரஷர் குக்கரில் அரைமணி நேரம் வைத்து எல்லாவற்றையும் கொன்ற வடிநீர். நான்காவது வெறும் தண்ணீரில் சாயம். எல்லாவற்றையும் கோணி போட்டு மூடி இருட்டில் வைத்தேன், வெயில் பட்டாலே இந்தச் சாயம் வெளுத்துவிடும்.

வெறுமனே கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பேசில்லஸின் விதைத்துகள் கொதிநீரில் சாகாது. குக்கர் அழுத்தத்தில் 120 டிகிரிக்கு வந்தால்தான் சாகும். அதற்கென்று ஒரு பழைய குக்கரைத் தனியாக வைத்துக்கொண்டேன், சமையலுக்குத் திரும்பப் போகாது.

முதலில் நிறம் போனது மூடிய பாட்டில்தான். மறுநாளே வெளிறிவிட்டது. பார்க்கிற யாருக்கும் அதுதான் ஜெயித்த பாட்டில் என்று தோன்றும். ஆனால் பாதியைக் கொட்டிவிட்டு, காற்று புக மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்கினால், மேலிருந்து கீழாக நீலம் திரும்பி வந்துவிட்டது. பால் சொசைட்டியில் பால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கச் செய்கிற சோதனையும் இதேதான்: உயிருள்ள எந்த பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் மெத்திலீன் நீலத்தை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றிவிடும். சாயம் உடையவில்லை, வடிவம் மாறி ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். லிக்னினோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

குக்கரில் வைத்ததிலும் நீலம் கொஞ்சம் குறைந்தது. அது அடியில் படிந்த வண்டலில் ஒட்டிக்கொண்டது, வண்டலை எடுத்துப் பார்த்தால் நீலமாக இருந்தது. மேலே நின்ற தண்ணீர் கடைசிவரை நீலம்தான். வெறும் தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை.

அகலக் கிண்ணம் வேறு மாதிரி நடந்துகொண்டது. அது அவசரப்படவில்லை. நீலம் முதலில் ஊதாப் பக்கம் சாய்ந்தது. மெத்திலீன் நீலத்திலிருந்து மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றால் நிறம் அப்படித்தான் போகும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனபோது ஊதாவும் போய், வெளிர் தேநீர் நிறத்தில் நின்றது. பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன், நீலம் திரும்பவில்லை. வண்டலிலும் நீலம் இல்லை. காற்றோடு, உயிரோடு, இரண்டும் சேர்ந்த கிண்ணத்தில் மட்டும் சாயம் உண்மையாகவே சிதைந்திருக்கிறது. வடிநீரில் பூஞ்சையும் கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் 60 டிகிரிக்கு மேல் இருந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்த தண்டு என்பதால் பெரும் பங்கு பாக்டீரியாவுடையது என்றே எடுத்துக்கொள்கிறேன். இறுக்கிய அம்பாரத்தின் நடுவிலிருந்து எடுத்த வடிநீரை அதே மாதிரி அகலக் கிண்ணத்தில் வைத்தபோது நீலம் அப்படியே நின்றது.

கிராஃபர்ட் குழு சொன்ன பழுப்புப் படிவையும் பார்க்க ஆசை வந்தது. இரண்டு அம்பாரத்திலிருந்தும் ஒரே எடை எடுத்து, ஒரே அளவு வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். தளர்ந்த அம்பாரத்துச் சாறு கருந்தேநீர் நிறம், மற்றது வைக்கோல் நிறம். பேட்டரிக்கு ஊற்றும் நீர்த்த அமிலத்தைக் கண்ணாடிக் குச்சியால் சொட்டுச் சொட்டாக விட்டதும் கருந்தேநீர் கலங்கி, கொஞ்ச நேரத்தில் பழுப்புப் பஞ்சு மாதிரி திரிந்து அடியில் உட்கார்ந்தது. மற்றதில் லேசான கலங்கலோடு சரி. மக்கின எருவில் இருக்கும் ஹியூமிக் அமிலமும் இப்படித்தான் திரியும், ஆகவே இதை லிக்னின் துண்டு மட்டும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹியூமிக் பொருளிலும் ஒரு பகுதி லிக்னின் உடைந்த துண்டுகளிலிருந்து உருவாவதுதான். அமிலத்தைக் கையாளும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பள்ளியில் தாவரவியல் நடத்துகிற அக்கா ஒருவர் சாஃப்ரானின் சாயமும் நுண்ணோக்கியும் பயன்படுத்தத் தந்தார். பிளஸ் டூ செய்முறையில் தண்டை மெல்லிசாகச் சீவிச் சிவப்பாக்கிப் பார்ப்போமே, அதேதான். லிக்னின் ஏறிய செல் சுவரில் இந்தச் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். புதுத் தண்டின் சீவலில் மரப்பகுதி முழுக்க ஒரே சீராகச் செக்கச்செவேல். புரட்டிய அம்பாரத்துத் துண்டில் ஓரங்களில் சிவப்பு மங்கி, சுவர்கள் மெலிந்து, நடுநடுவே ஓட்டை. உள்ளே போகப் போகச் சிவப்பு கூடியது. அதாவது வேலை வெளியிலிருந்து உள்ளே நடக்கிறது, காற்றும் ஈரமும் எட்டிய ஆழம் வரைக்கும். தண்டை இன்னும் மெலிசாக நறுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது இந்தச் சீவல்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் ஆனதும் இரண்டையும் பிரித்தோம். இறுக்கிய அம்பாரத்தில் இலையும் எச்சமும் கறுத்து மக்கியிருந்தன, புளித்த வாடை. தண்டு வெளியே கறுப்பு, முறித்தால் டக்கென்று சத்தம் கேட்டது, உள்ளே வெள்ளை. புரட்டிய அம்பாரத்தில் துண்டை இரண்டு விரலில் வைத்து நசுக்கினால் நார் நாராகப் பிரிந்து பொடியானது, மண் வாசனை. பெரியப்பா ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது தண்டுதானா?" என்றார். அடுத்த வளர்ப்புக் கழிவைத் தன் தோட்டத்திலேயே போடலாம், புரட்ட ஆள் அனுப்பு என்றும் சொல்லிவிட்டார். புரட்டுவதுதான் இதில் செலவு. கவைக்கோலோடு இரண்டு பேர் அரை நாள் நின்றாக வேண்டும். அதை மறைத்து இது சுலபம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எருவை உடனே செடிக்குப் போட்டுவிடவில்லை. லிக்னின் உடையும்போது ஃபெருலிக் அமிலம், வனிலிக் அமிலம் மாதிரியான பீனால் துண்டுகள் வரும், அவை விதை முளைப்பைத் தடுக்கும். எருவை ஊறவைத்த தண்ணீரில் ஒரு துணியிலும், வெறும் தண்ணீரில் இன்னொரு துணியிலும் கேழ்வரகைப் பரப்பி வைத்தேன். முதல் தடவை எருத் தண்ணீரில் முளைத்த வேர் கட்டையாக, நுனி பழுத்து இருந்தது. சலித்து நிழலில் குவித்து, ஈரம் காட்டி இன்னும் சில வாரம் விட்டபின் மறுபடி பார்த்தால் இரண்டு துணியிலும் வேர் ஒரே நீளம். அந்தச் சில்லறைத் துண்டுகளைச் சூடோமோனாஸ் கூட்டம் அதற்குள் தீர்த்திருக்கும்.

இப்போது கவாத்து முடிந்த மல்பெரி வரிசைகளுக்கு இடையே அந்த எருவைப் போட்டு மண் அணைத்திருக்கிறேன். சலிக்கும்போது நின்ற கட்டைத் துண்டுகளை வீணாக்கவில்லை. அவற்றில் அந்தக் கூட்டம் உயிரோடு இருக்கிறது, அடுத்த அம்பாரத்துக்கு மாமரத்து மண்ணுக்குப் பதில் அதுதான் விதை. இந்த முறை மிஷின் பிளேடை நெருக்கி அரை அங்குலமாக நறுக்கப் போகிறேன், எச்சத்தையும் கொஞ்சம் கூட்டி, நடுவே ஓட்டை போட்ட இரண்டு பிவிசி பைப்பைச் செங்குத்தாக நட்டு, புரட்டுவதைப் பாதியாகக் குறைக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். பைப்பு வைத்த பக்கத்துத் தண்டையும் வைக்காத பக்கத்துத் தண்டையும் அதே நீலச் சாயத்தில், அகலக் கிண்ணத்தில்தான் சோதிப்பேன்.